கென் ஹால் ஓடிய ஓட்டம்

அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தில் (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம்) எவனாவது ஒரு பையன் சாதனை படைத்தால் உடனே "சின்ன ஊர், எதிரணி சொத்தை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

டெக்சாஸில் சர்க்கரை ஆலையை நம்பியிருந்த சுகர் லேண்ட் என்ற ஊரில் கென் ஹால் 1950 முதல் 1953 வரை பள்ளி அணிக்காகப் பந்தோடு ஓடிய மொத்தத் தூரம் 11,232 யார்டு (ஒரு யார்டு என்பது மூன்றடி). 1953இல் ஓர் ஆட்டத்தில் பந்தோடு ஓடியது 11 தடவைதான், கடந்தது 520 யார்டு! சரி, எதிரணி பலவீனம் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் அந்த மொத்தக் கணக்கை 2012 வரை நாடு முழுக்க ஒருவராலும் தாண்ட முடியவில்லையே, ஹாலுக்கு அப்புறம் அமெரிக்காவில் சின்ன ஊர்களும் சொத்தை அணிகளும் இல்லாமலா போய்விட்டன?

தாண்டியவர் ஃபுளோரிடாவின் யூலி பள்ளியில் ஆடிய டெரிக் ஹென்றி, 12,124 யார்டு. பிறகு 2015இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை, 2020இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரே சீசனில் 2,027 யார்டு.

ஹாலுக்கு அப்படி அமையவில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பால் பிரையன்ட்டிடம் ஒத்துப்போகாமல் விலகினார், தொழில்முறை ஆட்டத்திலும் நிலைக்கவில்லை. அதை வைத்து அவருடைய பள்ளிக் கணக்கைக் குறைத்துப் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வயதில், அந்த ஊர்க்காரர்கள் கண்முன்னால், அத்தனை யார்டையும் அவர் ஓடித்தானே கடந்தார்?