ரூமை மட்டும் காலி பண்ணி வைங்க

பெயின்டர் வந்தார். சுவரை நாலு இடத்தில் தட்டினார், அண்ணாந்து பார்த்தார், "ரெண்டு நாள் வேலைதான் சார். நீங்க ரூமை மட்டும் காலி பண்ணி வைங்க" என்றார். அந்த 'மட்டும்' மேல் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, "சுரண்டுறது, பட்டி பார்க்குறது எல்லாம் நானே பார்த்துக்கறேன்" என்று வீரமாகச் சொன்னேன். மனைவி அப்போது மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

முதல் நாள் முழுக்க பீரோவோடு போனது. அதை நகர்த்தியதும் பின்னாலிருந்து மூன்று சீப்பு, ஒற்றைத் தோடு, அப்புறம் நான்தான் தொலைத்தேன் என்று மூன்று வருடமாகச் சொல்லப்பட்டு வந்த டிவி ரிமோட். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தெரியவில்லை. "ஓரமா வைங்க, கால்ல படப்போகுது" என்றாள் மனைவி.

இரண்டாம் நாள் ஆணிகள். எதற்காக அடித்தோம் என்று யாருக்குமே நினைவில்லாத ஓர் ஆணியைக் குறடால் இழுத்தேன். ஆணி வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கை அகலத்துக்குக் காரையும் வந்தது. சுற்றிலும் தட்டினால் 'பொத் பொத்' என்று சத்தம். "தட்டாதீங்க" என்றாள். தட்டினேன். இப்போது அந்தச் சுவரில் ஒரு புறா தாராளமாகக் குடும்பம் நடத்தலாம்.

அதை அடைக்கத்தான் பட்டி கலந்தேன். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போட்டு, அப்போதைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும் என்று பையிலேயே எழுதியிருக்கிறது. பையை மறுநாள்தான் படித்தேன். முழுப் பையையும் பக்கெட்டில் கொட்டி, பதமாகக் குழைத்து, பட்டித் தகட்டைத் தேடி எடுத்து வருவதற்குள் பக்கெட் சிலையாகிவிட்டது. இப்போது அதன்மேல்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நல்ல உறுதி.

உப்புத்தாள் கதை இன்னும் மோசம். நம்பர் கூடக்கூட முரடாக இருக்கும் என்று நினைத்து 220 வாங்கி வந்து, உரிகிற பெயின்ட்டை ஒரு மணி நேரம் தேய்த்தேன். பெயின்ட் உரியவில்லை, பளபளப்பாகிவிட்டது. நம்பர் கூடினால் தாள் நைஸ் என்று பெரியவள் சொன்னாள். முதலில் 80, கடைசியில்தான் 220. சரி என்று 80ஐ எடுத்ததும், "அப்பா நிறுத்துங்க! பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். காய்ஞ்ச சுவரைத் தேய்ச்சா தூசு உள்ள போகும்" என்று எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவை அடைத்து, எனக்கு முகக்கவசம் மாட்டிவிட்டாள். ஒரு கையில் தண்ணீர் ஸ்பிரே, மறுகையில் தகடு. முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருந்தது.

டேப் ஒட்டும் வேலை சின்னவளுடையது. கார்களுக்கு இரண்டு நிறம் அடிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்து ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925ல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தாராம். எங்கள் சின்னவள் கையில் அது கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் மனிதர் வேறு வேலை பார்த்திருப்பார். ஜன்னல் ஓரம், கதவு ஓரம், சுவிட்ச் போர்டு, அப்புறம் தூங்கிக்கொண்டிருந்த என் செருப்பு என எதையும் விடவில்லை. ஃபேனுக்கும் பாலிதீன் கட்டியாயிற்று.

ராத்திரி இரண்டு மணிக்கு ஹெலிகாப்டர் இறங்கியது. அலறியடித்து எழுந்தால், இருட்டில் பாலிதீன் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றுகிறது. கீழே அம்மா நின்றுகொண்டு, "ஃபேன் போட்டா சத்தந்தான் வருது, காத்தே வரலையேடா" என்கிறாள். டேப்புக்கு மேலேயே விரலால் தடவி, நாலு சுவிட்சில் சரியாக ஃபேன் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். நாற்பது வருடப் பழக்கத்தை டேப் ஒட்டி மறைக்க முடியுமா?

நேற்று சாயங்காலம் பீரோ இருந்த இடத்தைச் சுரண்டும்போது கெட்டியாக ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான். ஓரத்தில் பார்த்தால் அடுக்கடுக்காக நிறம். அம்மா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ரோஸு உன் கல்யாணத்துக்கு. இந்த நீலம் நீ பத்தாவது எழுதினப்ப. இது..." கடைசி அடுக்கை விரலால் தடவினாள். வெளிர் பச்சை. "இது உங்கப்பா. யாரையும் கேக்கல. அவராவே வாங்கிட்டு வந்து அடிச்சாரு."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வாரம் சண்டை போட்டு, நிற அட்டையில் முப்பது கட்டங்களைக் கழித்து, நாங்கள் முடிவு செய்து வைத்திருப்பதும் அதே பச்சை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பெரியவள்தான், "பாட்டி, அதைக் கீழ போட்டுட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றாள்.

அம்மா கழுவினாள். ஆனால் கீழே போட மறுத்துவிட்டாள். கடைசியில் சின்னவள் அதைப் பாலிதீனில் சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேலே பேனாவால் 'ஈயம். தொடாதே' என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது அது அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

பெயின்டர் காலையில் போன் செய்தார். அடுத்த வாரம்தான் வருவாராம்.