மக்னீசியம் என்று நான் எழுதிக்கொடுத்த ஆரஞ்சு மணி

இத்தாலியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் கறுப்புக் கல் துண்டு ஒன்று மேசைக்கு வந்தது, லேபிளில் மொலினெல்லோ என்று மட்டும் எழுதியிருந்தது. ஜெனோவாவுக்குக் கிழக்கே, கியாவரியிலிருந்து மலைக்குள் ஏறினால் வரும் கிராவெல்யா பள்ளத்தாக்கின் பழைய மாங்கனீசுச் சுரங்கம் அது.

கல்லின் குறுக்கே நூல் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது, அதில் வெள்ளைக் குவார்ட்ஸ், ரோடோனைட் என்ற இளஞ்சிவப்பு மாங்கனீசு சிலிக்கேட், நடுவில் கடுகில் பாதி இருக்கும் ஒரு ஆரஞ்சு மணி. கண்ணாடி போல மினுங்கியது. கல்லை அறுத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றி, கார்பன் பூச்சு பூசி மைக்ரோஸ்கோப்புக்குள் வைத்தேன். எலக்ட்ரான் பட்டதும் கல் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் வரைபடமான ஸ்பெக்ட்ரத்தில் மாங்கனீசு பெரிதாக எழுந்தது, சிலிக்கான் வந்தது, அதற்குச் சற்று இடது பக்கம் இன்னொரு பீக், அதாவது முகடு. மென்பொருள் தானாகவே மக்னீசியம் என்று பெயர் போட்டது. நானும் மாங்கனீசு மக்னீசியம் சிலிக்கேட் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், கூட்டுத்தொகை சரியாக 100 காட்டியதால் சந்தேகமே வரவில்லை. (மொத்தத்தை 100 ஆகும்படி அந்த மென்பொருளே சரிசெய்துகொள்ளும், அதனால் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை.)

மதியம் பேராசிரியர் வந்தார். நான் எழுதியதைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார், விரலை அந்த மணியின் மேல் வைத்து, "இது ஏன் பக்கத்து ரோடோனைட்டைவிட வெளிச்சமாக இருக்கிறது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். கல்லில் மோதித் திரும்பும் எலக்ட்ரான்களால் உருவாகும் பின்சிதறல் படத்தில் கனமான அணுக்கள் கூடுதலாக இருக்கும் இடம்தான் பளிச்சென்று தெரியும், மக்னீசியம் லேசான தனிமம், மாங்கனீசின் இடத்தில் அது வந்து உட்கார்ந்திருந்தால் மணி மங்கலாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கை சில்லிட்டுப்போனது.

மக்னீசியத்தின் பீக் 1.25 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், ஆர்சனிக்கின் பீக்குகளில் ஒன்று (எல் வரிசை) 1.28இல். இந்தக் கருவிக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லும் கூர்மை கிடையாது. ஆர்சனிக்தானா என்று தெரிய 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே வரும் இன்னொரு பீக்கைத் தேட வேண்டும், என் திரையோ 10 வரைக்கும்தான் காட்டும்படி வைத்திருந்தது. மின்னழுத்தத்தை 20 கிலோவோல்ட்டுக்கு ஏற்றி, திரையை விரித்துப் பார்த்தால் அங்கே நின்றுகொண்டிருந்தது, சின்னதாக, தெளிவாக. அப்புறம் தனிமங்களின் அளவைத் துல்லியமாகச் சொல்லும் மைக்ரோப்ரோப் கருவியில் அளந்தோம். எடையில் மாங்கனீசு 37 சதவீதம், ஆர்சனிக் 13க்குப் பக்கம், சிலிக்கான் 14. அணுக்களாக எண்ணினால் நான்கு மாங்கனீசுக்கு ஒரு ஆர்சனிக், மூன்று சிலிக்கான். திரகல்லோயைட் என்ற கனிமம்.

1979, 80இல் இதே மொலினெல்லோ சுரங்கத்தின் கல்லிலிருந்துதான் இதை முதலில் விவரித்தார்கள். பாவ்லோ ஒனோஃப்ரியோ திரகல்லோ என்ற கனிமச் சேகரிப்பாளரின் பெயரை இதற்கு வைத்தார்கள். தண்ணீரைப்போல் 3.8 மடங்கு கனம், ஒற்றைச் சரிவுப் (மோனோகிளினிக்) படிகம், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் எனக்கு இதில் பிடித்தது உள்ளே இருக்கும் அமைப்பு. ஆர்சனிக் என்றால் நம் மொழியில் பாஷாணம், அரிதாரம், மனோசிலை. அரிதாரத்திலும் மனோசிலையிலும் அது கந்தகத்தோடு சேர்ந்திருக்கும். இங்கே கந்தகமே இல்லை. ஆக்சிஜன் நான்கு சூழ்ந்த மூன்று சிலிக்கான் கூடுகள் வரிசையாகக் கைகோத்திருக்க, நான்காவது ஆளாக ஆர்சனிக் கூடு வந்து அதே சங்கிலியின் முனையில் சேர்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட சங்கிலிக்கு முதல் உதாரணமே இந்தக் கனிமம்தான். இதே சுரங்கத்தில் கிடைத்து 1982இல் விவரிக்கப்பட்ட மெடையைட் என்ற கனிமத்தில் ஐந்து சிலிக்கானும் ஒரு வனேடியமும் இதேபோலக் கோத்திருக்கின்றன.

இப்படிப்பட்ட கனிமங்கள் ஏன் இங்கே? ஜுராசிக் காலக் கடலடியில், எரிமலைப் பாறைக்கு மேல் படிந்த செர்ட் (சிலிக்கா நிறைந்த கெட்டியான பாறை) அடுக்குகளுக்குள் சேர்ந்த மாங்கனீசு இது. பிறகு மலை எழும்பியபோது மிதமான சூட்டில் பாறை வெடித்து, வெடிப்பு வழியாக ஓடிய நீர் தாதுவில் சிதறிக்கிடந்த ஆர்சனிக்கையும் வனேடியத்தையும் அள்ளிக்கொண்டு போய் இந்த நூல்களில் இறக்கிவைத்தது. உலைக்குத் தாது தோண்டியவர்களுக்கு அந்த நூலில் வேலை இல்லை. பொறுமையாகப் பார்த்தவர்கள் சேகரிப்பாளர்கள்தான், அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

திரையை இப்போது 20 வரைக்கும் விரித்தே வைக்கிறேன். புதிதாக வரும் மாணவர்கள் வேலையைத் தொடங்குமுன் அந்த மெருகேற்றிய துண்டைத்தான் முதலில் கொடுக்கிறேன், எதுவும் சொல்லாமல். மென்பொருள் இன்றைக்கும் அதை மக்னீசியம் என்றே சொல்கிறது.