குளத்தை வெட்டிவிடலாம், வாய்க்கால்தான் வம்பு

பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் எங்கள் ஊர். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், தண்ணீர் எங்களை எட்டுவதற்குள் மேலே இருப்பவர்கள் நடவே முடித்திருப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. அடுத்த கோடையில் போர்வெல்லும் வற்றவே, ஊர்க்குளத்தின் நினைப்பு வந்தது.

பணம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டோம், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அனுப்பினார்கள், ஹிட்டாச்சி வந்து இறங்கியது. எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதில்தான் முதல் சண்டை. இளவட்டங்களுக்கு ஆழமாக வெட்ட ஆசை. மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு: கீழே நிற்பது ஆடுமாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும். கடைசியில் நடுவில் மட்டும் பள்ளம், மடையோரம் வண்டலை வழித்ததோடு சரி.

குளம் தயார். தண்ணீர் வர வழி? வரத்து வாய்க்காலில் ஒரு பக்கம் காட்டாமணக்கு, மறுபக்கம் தென்னங்கன்று. ஆக்கிரமித்தவர்கள் வேறு யாருமில்லை, மாமன் மச்சான்தான். சர்வேயர் புலப்படத்தை வைத்து அளந்தபோது, வரி வசூலித்த வீட்டின் வேலியே வாய்க்காலுக்குள் நின்றது! அந்த வேலியை முதலில் பிடுங்கியதால்தான் மற்றவர்களிடம் பேச வாய் வந்தது. மனு, நோட்டீஸ் என்று போயிருந்தால் இன்றைக்கும் கோர்ட்டில் நின்றிருப்போம். இடம் விட்டவர்களுக்கு வண்டல் முதல் நடை என்று பேசினோம். கஜாவில் மரம் போனவர்களுக்கு அந்த மண் தேவைப்பட்டது. அதற்கும் முறையாக அனுமதி வாங்கித்தான் அள்ள வேண்டும். தாலுகா ஆபீசுக்கு நடந்ததைத் தனியாகவே எழுதலாம்.

கால்வாய்த் தண்ணீர் வந்ததும் முறை வைத்தோம். மடையில் தண்ணீரைப் பிரித்துவிட ஒரு ஆள், அதாவது நீர்க்கட்டி; அவர் கூலி அறுவடையில் நெல்லாக. தலைமடைக்காரர் இரவில் பலகையைத் தூக்குவது நின்றபாடில்லை, குறைந்திருக்கிறது. மீன் ஏலப் பணத்தை வாய்க்கால் பராமரிப்புக்கே வைப்பதாக முடிவு. கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சம் கேட்கிறார்கள்; அடுத்த கூட்டத்தில் அதுதான் பேச்சு.