மண்டபம் நாட்குறிப்பு: பவளம் வெளுத்த கோடை

ஏப்ரல் 3, 2024, புதன்

மன்னார் வளைகுடாவில், மனோலித் தீவுக்குத் தெற்கே பவளக் கணக்கெடுப்பு வேலை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று இன்னும் பிடிக்கவில்லை. கலங்கல் குறைவு, வள்ளத்தில் இருந்தபடியே தரை தெரிந்தது. வழக்கம்போல், அளக்கும் இடத்துக்கு அடையாளமாகத் தரையில் அடித்த முதல் கம்பியைத் தேடத்தான் நேரம் போனது. ஜிபிஎஸ் கொண்டுபோய் விடும் இடத்துக்கும் கம்பிக்கும் சில மீட்டர் தள்ளிப்போகும். பாசி மூடிய ஒரு முழக் கம்பிக்கு அது பெரிய தூரம். படகு ஓட்டும் அண்ணன் கரையிலிருக்கும் செல்போன் டவரையும் தீவின் ஒற்றைப் பனையையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தா, இதுக்கு நேர் கீழதான் கிடக்கு. எறங்குங்க" என்றார். அங்கேதான் கிடந்தது.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே 20 மீட்டர் டேப்பை விரிக்க வேண்டும். அந்தத் தடத்தைத்தான் 'கோடு' என்போம். டேப்புக்கு அடியில் எது எந்தச் சென்டிமீட்டரில் தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்லேட்டில் பென்சிலால் எழுத வேண்டும். மான்கொம்புப் பவளம், மணல், செத்த பவளம், பாசி, மறுபடி மணல். ஸ்கூபா என்றதும் ஊரில் சுறாவைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் பார்ப்பது மளிகைக்கடைக் கணக்கு.

ஆழம் மூன்று மீட்டர்கூட இல்லை. அதுதான் சிரமமே. ஆழம் குறையக் குறைய ஒரே மட்டத்தில் நிற்பது கஷ்டம். வரும் அலையெல்லாம் ஆளை முன்னும் பின்னும் இழுக்கும். இடுப்பில் ஈயம் ஒரு கட்டி கூடுதலாகக் கட்டினால்தான் சரிப்படும். தலை கீழாக, கால் மேலாக மிதந்தபடி எழுதுகிறோம், காலில் மாட்டிய துடுப்பு பட்டு ஒரு கிளை முறிந்துவிடக் கூடாதே என்று.

தரையில் கட்டியிருந்த வெப்பப் பதிவுக் கருவியை எடுத்துவந்து கணினியில் போட்டேன். பகலில் 30 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. ஏப்ரலில் அது புதிதில்லை. விடியற்காலையிலும் 30-க்குக் கீழே இறங்காததுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். அதே நாளில் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்துவிட்டது. முந்தைய மூன்றும் 1998-லும் 2010-லும் 2014 முதல் 2017 வரையிலும் வந்தவை. மூன்றிலும் மன்னார் வளைகுடாவுக்கு அடி விழுந்தது.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்கா ஒருவரிடம் இந்த அறிவிப்பைச் சொன்னேன். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்குகிறவர். ஆக்சிஜனும் கிடையாது, ஒன்றும் கிடையாது, மூச்சுதான். "ஏத்தா, இதச் சொல்ல அமெரிக்காக்காரன் வேணுமா? போன வாரமே கல்லு பூராம் வெளுத்துக் கிடக்குதுன்னு நாங்க பேசிக்கிட்டோமே" என்றார். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எந்த மாதிரிக் கல் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் காட்டிய திசையில் எங்களுக்குக் கோடு எதுவும் இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

வெளுத்துவிட்டது. இறங்கி முதல் மூச்சிலேயே தெரிந்தது. மேசைபோல் விரியும் அக்ரோபோரா பவளங்கள் வரிசையாக வெள்ளை. சிலது வெள்ளைகூட இல்லை, நீலமும் ஊதாவுமாக மின்னியது. வெயிலின் கடுமையைத் தாங்கப் பவளம் சுரக்கும் நிறமி அது. இந்தப் படங்கள்தான் 'கடலுக்கடியில் வண்ணக் கோலம்' என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும்.

உடன் வந்த தம்பி புதியவன். மேலே வந்து வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்ததும், "எல்லாம் போச்சாக்கா?" என்றான். அவன் ஸ்லேட்டைப் பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும் 'டிசி' போட்டிருந்தான், அதாவது அண்மையில் செத்த பவளம். இந்த ஓர் இடத்தில்தான் கணக்கே கவிழும். சிலிண்டரில் காற்று மிச்சம் இருந்தது. மறுபடி இறங்கினோம்.

முகக்கண்ணாடியை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பவளப்பூச்சியின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. நிறம் அதனுடையது, பூச்சியின் சாப்பாட்டில் பெரும்பங்கும் அது சமைப்பது. சூடு தாங்காமல் போனால் இந்தக் கூட்டு முறிந்து பாசி வெளியேறிவிடும். மிஞ்சுவது நிறமில்லாத மெல்லிய சதை. அதற்குள்ளிருந்து சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சி சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. உயிரோடிருக்கும் பரப்பில் ஈரமான ஒரு பளபளப்பு இருக்கும், விழுந்த மண்துகள் வழுக்கிப் போகும். செத்ததில், பூச்சி குடியிருந்த எலும்புக் கிண்ணங்களின் விளிம்பு கூராகத் தெரியும், துகள் அப்படியே தங்கும். இரண்டொரு நாளில் பழுப்புப் பூஞ்சைபோல் இழைப்பாசி பிடிக்கத் தொடங்கும்.

பக்கத்தில் போசிலோபோரா என்னும் கிளைப் பவளம் ஒன்று, முழுக்க வெள்ளை. கிளைகளின் இடுக்கில் நகமளவு நண்டு. பென்சில் முனையை நீட்டியதும் கொடுக்கைத் தூக்கி எதிர்த்து நின்றது. பவளத்தைக் கடிக்க வருவனவற்றை விரட்டி, அது தரும் கோழையைத் தின்று அதிலேயே குடியிருக்கும் நண்டு. வீடு செத்தால் அதுவும் காலிசெய்துவிடும். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான், 'டிசி'யை அடித்து மாற்றி எழுதினான்.

நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். அதற்காக குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய நிற அட்டையைப் பயன்படுத்துகிறோம். பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தில் வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை 1 முதல் 6 வரை நிறப்படிகள். பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் ஒப்பிட்டு எண் போட வேண்டும். பத்து வருடம் கழித்து இந்தக் கோட்டில் வேறு யாரோ டேப் விரிப்பார்கள். என் '2' அவர்களுக்கும் '2' ஆக இருக்க வேண்டும்.

மே 5, ஞாயிறு

கள்ளக்கடல் எச்சரிக்கை, தொலைவிலிருந்து வந்து திடீரெனக் கரையேறும் பேரலை. கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அறிவித்திருக்கிறது. படகு இறக்கவில்லை. உடுப்புகளை நன்னீரில் அலசிப் போட்டுவிட்டு ஸ்லேட்டுகளைக் கணினியில் ஏற்றினோம்.

நடுவில் ஒரு தொலைபேசி. பவளம் நடும் நிகழ்ச்சியை இந்த மாதமே வைக்க முடியுமா, விருந்தினர் வருகிறார் என்று. முடியாது என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. சிமென்ட் சட்டத்தில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்ப்பது இந்தக் கடலில் பல வருடமாக நடக்கும் வேலை, பலன் தந்த வேலை. ஆனால் தாய்ப் பவளமே பட்டினி கிடக்கும் மாதத்தில் அதை ஒடித்து நடுவது புகைப்படத்துக்கு மட்டுமே உதவும். வெப்பத்தை நாங்கள் குறைக்க முடியாது. மற்ற அடிகளைத் தடுக்கலாம். இங்கே சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் படகு படகாகப் பவளம் வெட்டியிருக்கிறார்கள். கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-ல் அறிவித்தபோது கணக்கில் இருந்தவை 21 தீவுகள். அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்குள். பவளம் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு, அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கு, வந்த பிறகும் வெட்டு நிற்க வருடங்கள் ஆயின.

மே 21, செவ்வாய்

போன வார மழையில் வெப்பம் சற்று இறங்கியிருக்கிறது. கலங்கல் மோசம், கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிகிறது. கோடு வேலை நடக்காது. அதனால் வலை எடுத்தோம்.

யாரோ விட்டுவிட்டுப் போன நைலான் வலை, பவளத்தின் மேல் போர்த்திக் கிடந்தது. இழுத்தால் கிளையோடு வரும். கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு கண்ணாக விடுவித்துச் சாக்கில் போட வேண்டும். பிறகுதான் காற்றுப் பையைக் கட்டி மேலே அனுப்புவது. ஓரிரு நண்டும் ஒரு ஓரா மீனும் உயிரோடு கிடைத்தன, விட்டோம். வலையைத் தொட்டுப் பார்த்த அண்ணன், "நண்டு வலைதான். அறுத்துக்கிட்டுப் போயிருக்கும், பாவம், எவனுக்கு நட்டமோ" என்றார். நான் வலைக்காரரைத் திட்டத் தயாராக இருந்தேன். அவர் பேசியதும் திட்ட வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கச்சான் முழு வேகத்தில். தீவுகளின் தென்புறம் நினைத்தே பார்க்க முடியாது. வடபுற மறைவில் இருக்கும் கோடுகளை மட்டும் பார்த்தோம். மீன்காரர்கள் இந்த மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் போய்விடுவார்கள், அங்கே கடல் அமைதி. பவளக் கோட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

குண்டுக் கல்லாக வளரும் போரைட்டிஸ் பவளம் தேறி வருகிறது. அட்டையில் 2 இருந்த சில இடங்கள் இன்று 4. மேசைப் பவளங்களில் பல தேறவில்லை, இழைப்பாசி மூடிவிட்டது. அவற்றுக்கு இனி 'டிசிஏ', பாசி பிடித்த செத்த பவளம். ஏப்ரலில் நண்டு கொடுக்கைத் தூக்கிய போசிலோபோராவும் அந்தக் கணக்கில்தான். ஒரே கோட்டை நானும் தம்பியும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டோம். சின்னச் சின்ன வித்தியாசம்தான். இனி அவன் தனியாக எழுதலாம்.

சாயங்காலம் ஒரு பத்திரிகைக்காரர், எத்தனை சதவீதம் செத்தது என்று கேட்டார். வடபுறத்தை மட்டும் வைத்து எண் சொன்னால் தவறு, தென்புறம் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். நாளைக்கே செய்தி போக வேண்டும், உத்தேசமாகச் சொல்லுங்கள் என்றார். சொல்லவில்லை. அவருக்குக் கோபம்.

தென்புறக் கோடுகள் இனி அக்டோபரில், கச்சான் அடங்குவதற்கும் வாடைக் காற்று தொடங்குவதற்கும் நடுவில் கிடைக்கும் சில நாட்களில். அதற்குள் துருப்பிடித்த கம்பிகளை மாற்ற வேண்டும். கம்பிக்குச் சொல்லியாயிற்று. வனத்துறை அனுமதியை நீட்டிக்க மனு எழுதியாயிற்று, நாளை ராமநாதபுரம் போய்க் கொடுக்க வேண்டும். சின்னப்பாலத்து அக்கா காட்டிய இடத்தில் ஒரு புதிய கோடு போடவும் அதிலேயே அனுமதி கேட்டிருக்கிறேன்.