துண்டுக்குள் பேசிய விலை

பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்கு அப்பாருவுடன் போன நாட்களில் என்னை மிகவும் ஈர்த்தது மாடுகளல்ல, தரகர்களின் துண்டுதான். இருவர் கைகோத்து அதன்மேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் விலை பேசும், வெளியே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏன் இந்த ஒளிவுமறைவு என்று கேட்டபோது, "இந்த மாடு போன விலை வெளிய தெரிஞ்சுதுன்னா, அடுத்த மாட்டுக்குப் பேச்சு அங்கிருந்துதான் கண்ணு தொடங்கும்" என்றார் அப்பாரு. தரகர் மட்டும் காலையிலிருந்து பத்துத் துண்டுகளுக்குள் கைவிட்டிருப்பார் என்பது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது.

கொரோனாத் தடுப்பூசி வாங்கியபோதும் நாடுகளின் கைமேல் அப்படியொரு துண்டு கிடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் கம்பெனிகளுடன் பேசி முடித்த விலைகள் ரகசியமாக இருந்தன. 2020 டிசம்பரில், பெல்ஜியத்தில் பட்ஜெட் பொறுப்பை வகித்த இவா டி ப்ளீக்கர் அவற்றைப் பட்டியலாகவே ட்விட்டரில் போட்டுவிட்டார்: ஒரு டோஸுக்கு அஸ்ட்ராஜெனிகா 1.78 யூரோ, ஜான்சன் அண்ட் ஜான்சன் 8.50 டாலர், மாடர்னா 18 டாலர். விரைவிலேயே அதை நீக்கினார். அதற்குள் உலகமே பார்த்துவிட்டது.

அடுத்த மாதம், அதே அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசியைப் புனேயின் சீரம் நிறுவனத்திடமிருந்து தென்னாப்பிரிக்கா 5.25 டாலருக்கு வாங்குவது தெரியவந்தது. ஐரோப்பிய விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட நாடுகளுக்குத்தான் குறைந்த விலை என்று தங்களுக்கு விளக்கம் தரப்பட்டதாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் சொன்னார். முந்தைய விலை கசியாதிருந்தால் அந்த விளக்கம்கூடக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் விளக்கம் கிடைத்ததே தவிர, விலை இறங்கவில்லை. அடுத்தவன் கொடுத்த விலையைச் சொல்லிப் பேரம் பேசுபவனுக்கு, கட்டுப்படியாகாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற வசதியும் வேண்டும். தொற்று உச்சத்தில் இருந்த அந்த ஜனவரியில், வேறு சரக்கு கைக்கு எட்டாத ஒரு நாட்டுக்கு அது ஏது?

2023 ஆகஸ்டில், தன்னார்வ அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், தென்னாப்பிரிக்க அரசின் தடுப்பூசி ஒப்பந்தங்களை வெளியிடும்படி பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியின் விலை டோஸுக்கு 10 டாலர் என்றிருந்தது. ஐரோப்பாவின் 8.50 டாலருடன் அதை ஒப்பிட்டுப் பார்க்க எல்லோருக்கும் கைகொடுத்தது, மூன்றாண்டுகளுக்கு முன் அழிக்கப்பட்ட அந்த ட்வீட்தான். கம்பெனிக்கோ ஒப்பிட எதுவும் தேவைப்படவில்லை. எல்லாத் துண்டுகளுக்குள்ளும் இருந்தது அதன் கைதானே.