இரண்டு கம்பியில் மோட்டர் ஓட்டுவது

மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவுக்கு, ஆர்எஸ்-485 எனும் இரண்டு கம்பி லைன் வழியாகக் கட்டளை அனுப்பலாம். கணினியை அந்த லைனில் இணைக்கும் ஆர்எஸ்-485 யூஎஸ்பி கன்வர்ட்டர் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சுலபமாகக் கிடைக்கும். 120 ஓம் ரெசிஸ்டரும் இரண்டு சேர்த்து வாங்குங்கள். லைனின் இரு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் உள்ள ட்ரைவ்களில் வேண்டாம்.

டெல்டா விஎஃப்டி-ஈஎல் என்ற ட்ரைவை எடுத்துக்கொள்வோம். ட்ரைவின் அமைப்புகளில் 02.00 = 3, 02.01 = 3 என்று வைத்தால்தான் வேகமும் ரன் கட்டளையும் லைன் வழியாக வரும். ட்ரைவின் முகவரி 09.00, தரவு அனுப்பும் வேகம் 09.01, தரவின் ஃபோர்மட் 09.04, மூன்றும் கட்டளை அனுப்பும் பிஎல்சியோடு (கன்ட்ரோலர்) அல்லது கணினியோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும்.

பிறகு 2001எச் என்ற பதிவேட்டில் (எச் என்றால் பதினாறடி எண்) 5000 எழுதினால் வேகம் 50.00 ஹேர்ட்ஸ். 2000எச்-இல் 12எச் எழுதினால் முன்னோக்கி ஓடும், 1 எழுதினால் நிற்கும். பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்: 2000எச் என்பது சாதாரண எண்ணில் 8192. சில மென்பொருள்கள் ஒன்றிலிருந்து எண்ணி, பதிவேட்டு வகையைக் காட்ட முன்னால் 4 சேர்ப்பதால் அங்கே 48193 என்று போட வேண்டும். ஒன்று கூடிப்போனால் ரன் கட்டளை வேகப் பதிவேட்டில் போய் விழும். 12எச் என்பது 18, அங்கே அது வெறும் 0.18 ஹேர்ட்ஸ்!

பதிலே வராவிட்டால் முதலில் லைனின் ஏ, பி கம்பிகளை மாற்றிப் பாருங்கள். இந்தப் பெயர்களைக் கம்பனிக்குக் கம்பனி தலைகீழாகப் போடுகிறார்கள். நிற்கும்போது பேசி, ஓடும்போது மட்டும் பேச்சு அறுந்தால் குற்றவாளி பெரும்பாலும் மோட்டர் கேபிளிலிருந்து வரும் மின் இரைச்சல். ஒரே ட்ரங்கிங்கில் (கேபிள் போகும் பெட்டிக் குழாய்) மோட்டர் கேபிளையும் லைனையும் இழுக்காதீர்கள். லைன் கேபிளின் ஷீல்டை (உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று சொல்லும் 09.02 தொழிற்சாலையிலிருந்து 3 ஆகவே வரும். அதாவது லைன் கம்பி அறுந்தாலும் மோட்டர் பாட்டுக்கு ஓடும். அதை 1 ஆக்கி (எச்சரித்து நிற்கும்), எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற 09.03-இல் இரண்டு மூன்று செக்கன் கொடுங்கள். எமேர்ஜென்சி ஸ்டொப்பை மட்டும் லைனில் விடவே கூடாது, அதற்குத் தனிக் கம்பிதான்.