மலை ஏரியில் முதல் நிமிடம்

நீச்சல் தெரியும் என்ற தெனாவட்டில் ஒருமுறை மலை ஏரியில் தொபுக்கடீர் என்று குதித்தேன். இனி மாட்டேன். 15 டிகிரிக்குக் கீழான தண்ணீர் மேலே பட்டதும் நம்மைக் கேட்காமலே மூச்சு உள்ளே இழுக்கும். அந்த நொடி தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றை அல்ல, தண்ணீரை!

இப்போதெல்லாம் கரையோரம் மெல்ல இறங்கி, மூச்சு சீராகும்வரை மல்லாந்து மிதப்பேன். அந்தத் திணறல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். மேல்தண்ணீர் இதமாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது, அடியில் சில்லிட்டுக் கிடக்கும். கரையை ஒட்டியே நீந்துவேன். துணைக்கு ஆள் இல்லாமல் இறங்குவதில்லை.

கூத்து கரையேறிய பிறகுதான். உடம்பின் உள்சூடு அப்புறமும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும், பல் தந்தியடிக்கும். முதல் வேலை ஈரத்துணியை மாற்றுவது. வெந்நீர்க் குளியல் உடனே வேண்டாம், மயக்கம் வரலாம். குல்லாவை மறந்துபோய்த் துண்டைத் தலையில் கட்டி நின்ற கோலத்துக்குப் படம் கிடையாது 😄